எத்தனை அடி?

47 வயதில் எனக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தது சர்க்கரை வியாதி!

மூன்று மாத சராசரி 8.1 என்று வந்திருந்த ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், ‘‘நடக்கிறீங்களா, நீந்துறீங்களா, சைக்கிள் ஓட்டுறீங்களா?’’ என்று ஹோட்டல் சர்வர் மாதிரி கேட்டார். நடப்பது போர். ஆற்றிலும் குளத்திலும் குதித்து வளர்ந்தவனுக்கு சென்னை அபார்ட்மென்ட் தொட்டியில் குளோரின் வாடையோடு இறங்க மனசு வரவில்லை. சைக்கிள் என்று சொல்லிவிட்டேன்.

42 ஆயிரம் ரூபாய். கியர் மட்டுமே பதினாறு. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி அதைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தாள். ‘‘கேரியர் இல்ல, ஸ்டாண்ட் இல்ல, பெல் இல்ல. இல்லாததுக்கெல்லாமா காசு வாங்கினான்?’’

பி.காம் படித்தவன் நான். பதில் சொல்லத் தெரியவில்லை.

கடந்த ஜூன் முதல் வாரம் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனபோது, சைக்கிளையும் காரின் பின்னால் கட்டி எடுத்துப் போனேன். கல்லூரியில் என்னோடு பெஞ்சைத் தேய்த்த நண்பன் ஒருவன் அங்கே வங்கியில் இருக்கிறான். அவனுக்கும் சர்க்கரை. அவனிடமும் கியர் சைக்கிள். ‘‘பேச்சிப்பாறைக்கு விடுவோமா மக்கா?’’ என்றான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலே முக்காலுக்கு வடசேரியிலிருந்து கிளம்பினோம்.

பேச்சிப்பாறை என்றதும் எனக்குள் ஒரு சின்ன இடறல். அதை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அதற்கு முன் வழியைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது சைக்கிளைத் துடைக்கக்கூடும் அல்லவா?

பார்வதிபுரம், வில்லுக்குறி, புலியூர்க்குறிச்சி, தக்கலை. இதுவரை திருவனந்தபுரம் நெடுஞ்சாலை. இருட்டோடு கடந்துவிட வேண்டும். விடிந்துவிட்டால் லாரிகளும் கேரள பஸ்களும் உங்களை ஓரத்து ஓடைக்குள் அனுப்பிவிடும். அழகியமண்டபத்தில் வலதுபுறம் திரும்பி, வேர்கிளம்பி வழியாகத் திருவட்டாறு பக்கம் போய்விட்டால் வேறு உலகம். வீட்டுக்கு வீடு மிளகுக் கொடி, பலா, ஏத்தன் வாழை. சாலை ஏறும், இறங்கும், வளையும். முன்னால் போகிறவன் தெரிய மாட்டான். மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் வண்டியைப் பூட்டிவிட்டு ஒரு நடை நடந்தோம். பரளியாற்றுக்கு மேலே ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஏந்திப் போகிறது அது. 28 தூண்கள். நூறடிக்கு மேல் உயரம். காமராஜர் காலத்துத் திட்டம், 1966-ல் முடிந்தது. சுற்றுலா வருகிறவர்கள் கீழே ஆற்றைப் பார்த்து போட்டோ எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் ஓடுகிற தண்ணீரை. ஆற்றுக்கு மேலேயே ஒரு ஆறு!

குலசேகரத்தில் புட்டும் பயறும் பப்படமும், சர்க்கரை போடாத கட்டன்சாயாவும். கடைக்கார அக்கா எங்கள் தொடையோடு ஒட்டிய டவுசரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயம்தான்.

அங்கிருந்து பேச்சிப்பாறைக்கு ரப்பர் தோட்டங்களின் நடுவே போகிறது பாதை. இருபுறமும் வரிசை வரிசையாக மரங்கள், இடுப்பில் சிரட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கோடு வந்து பால் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் சுண்டிவிடும். எங்கள் நெற்றியிலும் விளக்கு கட்டியிருந்தோம். அவர்கள் ஓட்டுவது பிழைப்பை. நாங்கள் ஓட்டுவது கலோரியை. வழியில் எதிர்ப்பட்ட ஒருவர், அவருக்குத்தான் எத்தனை நல்ல மனசு, ‘‘எதாவது பந்தயமா சாரே?’’ என்று கேட்டார்.

சட்டென்று ஒரு வளைவில் மரங்கள் விலகின. தண்ணீர்!

வார்த்தை தேடவில்லை, நின்றுவிட்டேன். பச்சை மலைகள் காலை நீட்டித் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கின்றன. நடுவே திட்டுத் திட்டாக மேடுகள். மேலே மகேந்திரகிரியிலிருந்து வரும் மலைத்தொடர் மேகத்துக்குள். அணைக்கு மேலே நீர்ப்பரப்பின் ஓரமாகக் கோதையாறு நோக்கிப் போகும் இந்தச் சாலைதான் சைக்கிள்காரர்களுக்கு சொர்க்கம். ஏரியை முழுக்கச் சுற்றிவர சாலை கிடையாது. ஒரு கரையில் தார், மறு கரையில் காடு. எதுவரை விடுவார்கள் என்று வனத்துறை செக்போஸ்ட்டில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அரிக்கொம்பன் என்ற யானையை நினைவிருக்கிறதா? தேனிப் பக்கம் கலக்கிய அவரை 2023 ஜூனில் பிடித்துக் கொண்டுவந்து விட்டது இந்த மலைக்கு மேலே, மேல் கோதையாறு காட்டில்தான். கீழே இருக்கிற ஜனங்கள் எத்தனை நாள் தூங்கவில்லையோ.

இன்னும் நேரமிருந்தால் குலசேகரத்திலிருந்து பெருஞ்சாணி அணைக்குப் போகலாம். திற்பரப்பு, களியல், கடையாலுமூடு என்று சிற்றாறு பக்கம் போகலாம். எல்லாமே ஒன்றையொன்று தண்ணீரால் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்கள்.

சரி, அந்த இடறல்.

தேரூர் பக்கம் எங்கள் ஊர். சானலின் கடைமடை. (எங்கள் ஊரில் கால்வாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சானல்தான். டி.வி. வருவதற்கு முன்பிருந்தே எங்களுக்கு சானல் உண்டு!) அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பத்து மரக்கால் விதைப்பாடு வயல் இருந்தது. ஏறத்தாழ முக்கால் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம். இரண்டுக்கும் தண்ணீர் வரவேண்டிய இடம், 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இந்த அணை.

ஜூன் 1-ம் தேதி அணை திறப்பது வழக்கம். பிப்ரவரி கடைசி வரை விடுவார்கள். தலைமடைக்காரனுக்கு உடனே வந்துவிடும். கடைமடைக்காரன் சானலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வருஷமும் மே கடைசியில் அப்பா ஒரு காரியம் செய்வார். ராலே சைக்கிளை எடுத்துக்கொண்டு ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பி, ஊர்க்காரர்கள் இரண்டு பேருடன் பேச்சிப்பாறைக்குப் போய், அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்புவார்.

பேப்பரில்தான் தினமும் போடுகிறார்களே! பேச்சிப்பாறை, மொத்தம் 48 அடி. பெருஞ்சாணி, 77 அடி. இன்றைய அளவு இவ்வளவு. ஒருமுறை கேட்டேன்.

‘‘பேப்பர்ல தண்ணின்னு எழுதுனா பேப்பர் நனையுமாலே?’’ என்றார். அவ்வளவுதான் பதில்.

பின்னாளில் நானே பேப்பரில் எழுதப் போய்விட்டேன்.

1990-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. என்னையும் கூட்டிப்போனார். பையன் தாங்க மாட்டான் என்று குலசேகரம் வரை பஸ். சைக்கிளை பஸ் மேலே ஏற்றினார். அதற்கு மேல் கேரியரில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதில் நான். ஏற்றம் வந்தால் இறங்கி நானும் தள்ளுவேன். இறக்கத்தில் அப்பாவின் சட்டை காற்றில் உப்பி என் முகத்தில் அடிக்கும். சுண்ணாம்புக் கட்டி வாசனை.

அணையில் நின்று கதை சொன்னார். 1897-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்தார்களாம். திருவிதாங்கூரின் மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய இன்ஜினீயர் மிஞ்சின் துரை, ஊருக்குத் திரும்பவே இல்லை, இங்கேதான் அடக்கம். சமாதியைக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். வெள்ளைக்காரன் சமாதிக்கு எதற்குச் செருப்பைக் கழற்றுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அப்போது அக்கரையிலிருந்து ஒரு வள்ளம் வந்தது. காணி ஜனங்கள். ஒரு அம்மா தலையில் சுமையோடு இறங்கினாள். இரண்டு குழந்தைகள். மலைப்பொருளை விற்று அரிசியும் உப்பும் வாங்கிப்போக வருகிறார்கள் என்றார் அப்பா. ‘‘இவங்களுக்கு ரோடு கிடையாதாப்பா?’’ என்றேன்.

‘‘அவிய நடந்த எடத்துலதாம்லே நம்ம தண்ணி நிக்கி.’’

அணையின் அளவைப் பார்த்தார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். ஊர் திரும்பும்போது மடைப்பக்கம் ஏழெட்டுப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ‘‘வாத்தியாரே, எத்தன அடி?’’ அப்பா சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலை மடைக்கல்லில் ஊன்றி, டிக்கெட்டைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு அணையைத் திறந்ததே அவர்தான்.

இப்போது என் பங்கு.

1997. பி.காம் இரண்டாம் வருஷம். புதிதாகக் கணக்குப் படித்தவன் கையில் பேனா இருந்தால் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. நான் எங்கள் வயலுக்கு வரவு செலவுக் கணக்குப் போட்டேன். உழவு, விதை, உரம், நடுகைக் கூலி, அறுப்புக் கூலி. மண்வெட்டிக்குத் தேய்மானம்கூட எழுதினேன். நிகர நஷ்டம் என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி வரி வரியாகப் படித்தார்.

‘‘கூட்டல் எல்லாம் செரியாத்தான் இருக்கு. நாம தின்ன சோறு எங்கலே? அத எழுதலியே!’’

முதலாளி தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளும் சரக்குக்கு கணக்கியலில் ‘டிராயிங்ஸ்’ என்று ஒரு தலைப்பு உண்டு. முதல் வருஷப் பாடம். அதில் நான் 82 மார்க். மறந்திருந்தேன்.

2009-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். 2011-ல் நானும் அக்காவும் வயலை விற்றோம். எல்லோரும் விற்றார்கள், பக்கத்து வயலில் கல் நட்டாகிவிட்டது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, நான் சென்னையில் இருக்கிறேன்... காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, என் கூட்டல் மாதிரி. மரக்காலில் அளந்த நிலத்தை நாங்கள் சென்ட்டில் விற்றோம். வாங்கியவர் சதுர அடியில் விற்றார். திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாஞ்சில் நாடு, ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒவ்வொரு சரியான காரணத்தால் பிளாட் ஆனது. இன்றைக்கும் அணை திறக்கும்போது அரசு அறிவிப்பில் 79 ஆயிரம் ஏக்கர் பாசன வசதி பெறும் என்று வருகிறது. அந்த 79 ஆயிரத்துக்குள் எங்கள் முக்கால் ஏக்கரும் இன்னும் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது?

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஏரிக்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோதுதான் பின்சக்கரம் ‘புஸ்’ என்றது.

மாற்று டியூப் இருந்தது. மாட்டியும் விட்டோம். காற்றடிக்கும் பம்பை நண்பன் வீட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறான்! அந்தப் பக்கமாக பைக்கில் வந்த ஒரு தம்பி, டூல் பாக்ஸிலிருந்து கால் பம்பை எடுத்துக் கொடுத்தான். சேரவில்லை. கார், பைக் டியூப்புகளின் வால்வ் தடிமன். எங்கள் சைக்கிளுடையது பென்சில் முனை மாதிரி ஒல்லி. நாற்பது ரூபாய்க்கு ஒரு பித்தளைத் திருகு விற்கிறது, அதை மாட்டினால் சேரும். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்ச் சைக்கிள் நாற்பது ரூபாய்க்காக ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. (ஸ்டாண்டும் கிடையாது அல்லவா?)

அப்போது ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். கேரியர், ஸ்டாண்ட், பெல் எல்லாம் இருந்தன! ஃபிரேமில் ஒரு பழைய கைப்பம்பைக் கயிற்றால் கட்டியிருந்தார். ‘‘வால்வக் காட்டுங்க சார்’’ என்றார். நுனியில் இருந்த சின்ன மரையைத் திருகித் தளர்த்தினார். தன் பம்பின் ரப்பர் குழாயை அதில் முடுக்கினார். பொருந்தியது! பழைய சைக்கிள் பம்பு இந்த ஒல்லி வால்வுக்குச் சேரும் என்று 42 ஆயிரம் வாங்கியவர்கள் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ‘‘ரெண்டும் ஒரே குடும்பம்தான் சார். உங்களுது கொஞ்சம் பணக்காரக் குடும்பம்’’ என்று சிரித்தார்.

காற்றடித்துக்கொண்டே பேசினார். சிறு வயதில் இலங்கையில், களுத்துறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா வந்த குடும்பம். அரசு ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். ‘‘அங்க எங்கப்பா வெட்டினாரு. இங்க நான் வெட்டினேன். எங்க போனாலும் இந்த மரந்தான் சார் சொந்தக்காரன்.’’ இப்போது ஓய்வு. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலைப் பற்றிச் சொன்னார். ஒரே ராத்திரியில், அவர் கையால் வருஷக்கணக்காக வெட்டிய மரங்கள் பாதியில் முறிந்து கிடந்ததாம். ‘‘பால் வடிஞ்சிக்கிட்டே கெடந்துச்சு சார்’’ என்றவர், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

1876-ல் விக்காம் என்ற வெள்ளைக்காரர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளைக் கப்பலேற்றினார். அது லண்டனில் முளைத்து இலங்கைக்கு வந்து, அப்புறம் இங்கே. 1888-ல் டன்லப் என்ற மாட்டு டாக்டர் தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடிக்கும் டயரைச் செய்தார். அந்த மரமும் அந்த டயரும் அந்தப் பெரியவரும் நானும் பேச்சிப்பாறையில் ஒரு ரோட்டோரத்தில் சந்தித்துக்கொண்டோம். பணம் நீட்டினேன். ‘‘காத்துக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?’’ என்று போய்விட்டார். சென்னையில் வாங்குகிறார்கள் என்று சொல்ல நினைத்தேன்.

திரும்பும்போது ஏரியின் நடுவில் ஒரு படகு போனது. இந்த மலைகளில் சில காணிக் குடியிருப்புகளுக்கு இன்னமும் படகுதான் வழி. மழை பிடித்துக்கொண்டால் சில ஊர்களின் தரைப்பாலங்களுக்கு மேலே வெள்ளம் போகும். நான் போட்டோ எடுத்தேன். நன்றாக வந்திருந்தது.

மத்தியானம் வடசேரி வந்தபோது போன் காட்டியது: 94 கிலோமீட்டர். இத்தனை கலோரி. ஏறிய உயரம் இவ்வளவு. சராசரி வேகம் இவ்வளவு. இதயத் துடிப்புகூட இருந்தது. நண்பன் குரூப்பில் போட்டான். கைதட்டல்கள் வந்து விழுந்தன.

சாயங்காலம் தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

சானலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. அடியில் சருகும் பாலிதீன் பைகளும் கிடந்தன. எங்கள் வயல் இருந்த இடத்தில் மூன்று மாடி வீடு ஒன்று, பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கற்கள். அந்த மடைக்கல் மட்டும் அங்கேயே இருந்தது. அதில் ஒரு காலை ஊன்றி நின்றேன். சீட் உயரம் அதிகம், கால் முழுசாக எட்டவில்லை.

வரப்பில் ஒருவர் எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். எங்கள் தெருச் சித்தப்பா. அன்றைக்கு மடையில் காத்து நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவர். எண்பதை நெருங்குகிறது. அந்தப் பற்றில் இன்னும் வயல் வைத்திருப்பது அவரோடு இரண்டு பேர்தான்.

‘‘யாரு, வாத்தியார் மவனா? இது என்னடே சைக்கிளு, எலும்பும் தோலுமா!’’

‘‘பேச்சிப்பாற போயிட்டு வந்தேன் சித்தப்பா.’’

‘‘சைக்கிள்லயா?’’

‘‘சைக்கிள்லதான்.’’

அவர் முகம் மாறியது. வரப்பிலிருந்து இறங்கி, காய்ந்த சானலுக்குள் கால் வைத்து ஏறி, என் பக்கத்தில் வந்தார். சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

‘‘நாத்து நின்னு முத்துகு மக்கா. தெறந்துட்டோம்னு சொல்லுதானுவ, தண்ணியக் காணல. அணையில எத்தன அடி கெடக்கு?’’

போனை எடுத்தேன். அன்றைக்கு எடுத்தது 86 போட்டோ. மலை, மேகம், படகு, புட்டு, நண்பன், நான், நான், நான். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அணைச்சுவர் தெரியும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண்கள் எழுதிய இடம் எதிலும் இல்லை.

அவர் இன்னும் கைப்பிடியை விடவில்லை.

‘‘நாளைக்குப் பேப்பர்ல பாத்துச் சொல்லுதேன் சித்தப்பா’’ என்றேன்.